21-வது கோடு

‘‘அந்த டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைங்களேன்... தெருமுனை வரைக்கும் கேட்குது!’’

‘‘எனக்கே கேட்கலை. தெருமுனைக்கு எப்படிக் கேட்குமாம்?’’

வீட்டில் எழுபதைத் தாண்டிய ஒருவர் இருந்தால் போதும். இந்த வசனம் தினமும் ஒருமுறையாவது அரங்கேறிவிடும். ரிமோட்டுக்காக நடக்கிற சண்டையில் பாதி சானலுக்காக அல்ல, சத்தத்துக்காகத்தான். வேடிக்கை என்னவென்றால், வால்யூமை எவ்வளவு ஏற்றினாலும் தாத்தாவுக்குத் திருப்தி வராது. ‘‘சத்தம் நல்லாக் கேட்குதுப்பா. என்ன பேசறான்னுதான் புரியலை’’ என்பார். ‘பெரிசு வேணும்னே பண்ணுது’ என்று நாம் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விடுவோம்.

பெரிசு சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. வயதாகும்போது காது, பழைய பல்பு மாதிரி ஒரே சீராக மங்குவதில்லை. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டு கிடக்கிற ஒரு பகுதி உண்டு. அதற்குள் வரிசையாக நுண்ணிய முடி செல்கள். கீச்சென்ற மேல்ஸ்தாயி ஒலிகளைப் பிடிக்கிற செல்கள் வாசல் பக்கமே இருக்கின்றன. தேய்மானம் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். நம் பேச்சில் ‘ஆ’, ‘ஓ’ போன்ற உயிரொலிகள் கனமானவை, கீழ்ஸ்தாயி. ‘ச’, ‘த’, ‘க’ மாதிரியான மெய்யொலிகள் மெலிசானவை. முதலில் தொலைந்துபோவது இந்த மெலிசுகள். ‘கடை’, ‘சடை’, ‘தடை’, ‘படை’ எல்லாமே ஒரே சொல்லாகக் காதில் விழும். வால்யூமை ஏற்றினால் என்ன ஆகும்? பின்னணி இசை இன்னும் பலமாக அலறும். தொலைந்த ‘ச’ திரும்பி வராது.

சரி, உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே? கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு ‘பணம்’ என்று சொல்லுங்கள். பிறகு ‘மணம்’ என்று சொல்லுங்கள். உதட்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். அதிலும் டி.வி.யில் பேசுகிறவர் பாதி நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அல்லது, ஆளே தெரியாமல் குரல் மட்டும் வரும்.

இதற்கு மனிதன் கண்டுபிடித்த உருப்படியான வழி ஒன்று உண்டு. பேசுவதை அப்படியே எழுத்தாக்கித் திரைக்குக் கீழே ஓடவிடுவது. இன்று எந்த டி.வி.யிலும், எந்த ஓ.டி.டி.யிலும் ‘சிசி’ என்று ஒரு குட்டி அடையாளத்தைப் பார்க்கலாம். ‘க்ளோஸ்டு கேப்ஷன்’. ஒரு பொத்தானை அழுத்தினால் எழுத்து வரும், மறுபடி அழுத்தினால் போய்விடும். பார்க்க அல்ப விஷயம். ஆனால், அந்தப் பொத்தானுக்குப் பின்னால் அரை நூற்றாண்டுக்கும் மேலான கதை இருக்கிறது. களம், அமெரிக்கா.

* * *

ஒரு காலத்தில், காது கேட்காதவர்களுக்கு சினிமாவில் ஒரு குறையும் இருந்ததில்லை. அது மௌனப்படக் காலம். நடிகர்கள் முகத்தாலும் கையாலும் பேசினார்கள். புரியாத இடத்தில் வசனம் எழுதிய அட்டை ஒன்று திரையில் வரும். காது கேட்கிறவரும் கேட்காதவரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒரே காட்சிக்கு ஒரே நொடியில் சிரித்தார்கள்.

இன்னும் சொல்லப்போனால், காது கேட்காதவர்களுக்கு ஒரு படி அதிகமாகவே கிடைத்தது. 1926-ல் ‘வாட் ப்ரைஸ் க்ளோரி’ என்று ஒரு யுத்தப் படம். அட்டையில் மரியாதையான வசனம். ஆனால், நடிகர்களோ, ‘எப்படியும் ஊமைப்படம்தானே’ என்ற தைரியத்தில் கேமரா முன்னால் கெட்ட கெட்ட வார்த்தைகளாக அள்ளி விட்டிருந்தார்கள். உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ‘என்னய்யா இப்படிப் பேசுகிறார்கள்’ என்று புகார்கள் பறந்தன!

காது கேட்காத நடிகர்களும் இருந்தார்கள். கிரான்வில் ரெட்மண்ட் என்ற ஓவியர், சாப்ளினின் நெருங்கிய நண்பர். தன் ஸ்டுடியோவிலேயே அவர் படம் வரைய ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார் சாப்ளின். ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில் சிற்பியாக வருபவர் அவர்தான். கியூபாவின் ஹவானாவில் பிறந்த எமர்சன் ரொமேரோ இன்னொருவர். ஆறு வயதில் ஒரு காய்ச்சலில் காது போனது. ஹாலிவுட்டுக்கு வந்து, ‘டாமி ஆல்பர்ட்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு, நகைச்சுவைக் குறும்படங்களில் நடித்துக்கொண்டிருந்தார். (‘பேட்மேன்’ டி.வி. தொடரில் ஜோக்கராக வந்து கலக்கிய சீசர் ரொமேரோ இவருக்கு உறவுக்காரர்தான்.)

1927, அக்டோபர் 6. நியூயார்க்கில் ‘த ஜாஸ் சிங்கர்’ வெளியானது. சினிமா பேச ஆரம்பித்தது. உலகமே வாயைப் பிளந்தது. மூன்று, நான்கு வருடங்களுக்குள் வசன அட்டைகள் மூட்டை கட்டப்பட்டன. (நம்மூரில் ‘காளிதாஸ்’ 1931.)

கேட்கிறவர்களுக்கு அது விஞ்ஞான அதிசயம். கேட்காதவர்களுக்கு? நேற்றுவரை உங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நண்பர், இன்று காலை திடீரென்று உங்களுக்குத் தெரியாத பாஷையில் பேச ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? அப்படி. அதைத் தடுக்கவேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. யாருக்கும் அவர்கள் நினைப்பே வரவில்லை, அவ்வளவுதான். டெலிபோன் விஷயத்திலும் இதேதான் நடந்தது. கிரகாம் பெல்லின் அம்மாவுக்குக் காது கேட்காது, மனைவிக்கும் கேட்காது. பெல்லே காது கேளாதோருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். 1876-ல் அவர் காப்புரிமை வாங்கிய கருவியைத்தான், அவர் வீட்டிலேயே இரண்டு பேர் பயன்படுத்த முடியாமல் போனது!

ரொமேரோவுக்கு வேலை போனது. நியூயார்க் திரும்பினார். ஆனால், மனிதர் சும்மா இருக்கவில்லை. 1947-ல் பேசும்படப் பிரதிகளை வாங்கி, கத்தரித்து, பழைய மௌனப்பட பாணியில் வசன அட்டைகளை நடுநடுவே ஒட்டினார். காது கேளாதோர் மன்றங்களுக்கு அந்தப் படங்களை வாடகைக்கு விட்டார். அட்டை வரும்போது படம் நிற்கும், சத்தமும் துண்டு துண்டாகும். நேர்த்தி போதாது. ஆனால், இருபது வருடத்துக்குப் பிறகு அந்த மன்றங்களில் மறுபடி சிரிப்பொலி. பேசும் படத்துக்கு, காது கேளாதவர்களுக்காக எழுத்து சேர்த்த முதல் ஆள் அவர்தான்.

அவருடைய உதாரணம் மற்றவர்களையும் கிளப்பிவிட்டது. கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டு காது கேளாதோர் பள்ளியின் தலைவர் எட்மண்ட் போட்னரும் இன்னும் சில ஆசிரியர்களும் சேர்ந்து, படத்தின் கீழ்ப்பகுதியிலேயே எழுத்துகளைப் பதிக்கும் முறையில் படங்களைத் தயாரித்துப் பள்ளிகளுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். நன்கொடையில் எத்தனை நாள் ஓடும்? அரசாங்கத்தின் கதவைத் தட்டினார்கள். 1958, செப்டம்பர் 2-ம் தேதி ஜனாதிபதி ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். எழுத்து சேர்த்த படங்களை அரசு செலவில் காது கேளாதவர்களுக்கு இரவல் கொடுக்கும் திட்டம்.

நல்ல செய்திதான். ஆனால், அதற்குள் ஊரே தியேட்டரை விட்டுவிட்டு வரவேற்பறைக்குப் போய்விட்டிருந்தது. அங்கே ஒரு புதுப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

* * *

1963 நவம்பரில் கென்னடி சுடப்பட்டார். நான்கு நாள் அமெரிக்கா முழுக்க டி.வி. முன்னாலேயே கிடந்தது. காது கேட்காதவர்கள் வீட்டிலும் டி.வி. ஓடியது. ஓடுகிறார்கள், அழுகிறார்கள், யாரோ ஒருவர் மைக் முன்னால் நின்று நிறையப் பேசுகிறார். என்னவாம்? பக்கத்தில் இருக்கிற பிள்ளையையோ தங்கையையோ தட்டிக் கேட்க வேண்டும். ‘‘இரு, அப்புறம் சொல்றேன்’’ என்ற பதில் வரும். பத்து நிமிடப் பேச்சை ‘‘செத்துட்டாராம்’’ என்று ஒரு வார்த்தையில் சுருக்கிச் சொல்வார்கள். ‘அப்புறம் சொல்றேன்’ என்பதைத்தான் காது கேட்காதவர்கள் வாழ்நாளில் அதிகம் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எழுபதுகளில் வழி பிறந்தது. அதுவும் ஒரு தோல்வியில் இருந்து. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமும் ஏ.பி.சி. தொலைக்காட்சியும் சேர்ந்து, டி.வி. அலைவரிசைக்குள் ஒளித்துவைத்துத் துல்லியமான நேரத்தை நாடு முழுக்க அனுப்பலாமா என்று பரிசோதித்தார்கள். நேரம் அனுப்பும் யோசனை எடுபடவில்லை. ‘எண்களை ஒளித்து அனுப்பலாம் என்றால், எழுத்துகளை அனுப்ப முடியாதா?’ என்று அப்போதுதான் பொறி தட்டியது.

1971-ல் டென்னஸி மாநிலம் நாஷ்வில்லில் ஒரு மாநாடு நடந்தது. விஷயமே, காது கேளாதவர்களும் தொலைக்காட்சியும்தான். மறு வருடம் பிப்ரவரியில் வாஷிங்டன் காலடெட் கல்லூரியில் ‘த மாட் ஸ்குவாட்’ என்ற துப்பறியும் தொடரைப் போட்டுக் காட்டினார்கள், எழுத்துகளோடு. காலடெட், காது கேளாதவர்களுக்காகவே 1864-ல் இருந்து நடக்கும் கல்லூரி. இந்த முயற்சிகளுக்கு அரசுத் தரப்பிலிருந்து விடாமல் பணமும் ஆளும் பிடித்துக் கொடுத்தவர் மால்கம் நார்வுட். அவரும் சிறுவயதிலேயே காது கேட்காமல் போனவர்தான்.

1972, ஆகஸ்ட் 5. நாடு முழுக்க எழுத்துகளோடு ஒளிபரப்பான முதல் நிகழ்ச்சி எது தெரியுமா? சமையல்! பாஸ்டன் டபிள்யூ.ஜி.பி.ஹெச். நிலையத்தில் ஜூலியா சைல்டு நடத்திக்கொண்டிருந்த ‘த ஃபிரெஞ்ச் செஃப்’. எத்தனை ஸ்பூன், எத்தனை நிமிடம் என்பதெல்லாம் முதன்முறையாகத் திரையில் ஓடியது. (ரொமேரோ அதே வருடம்தான் இறந்துபோனார். கடைசிக் காலத்தில், படுக்கையைக் குலுக்கி எழுப்பிவிடும் அலாரம் கடிகாரம் ஒன்றையும் தயாரித்து விற்றிருந்தார்.)

ஆனால், அந்த எழுத்து எல்லோர் வீட்டிலும் தெரிந்தது. வேண்டாதவர்கள் அழிக்க முடியாது. கேட்கிறவர்கள் எரிச்சலடைந்து சானல் மாற்றிவிடுவார்களே என்று நிலையங்கள் பயந்தன. அதனால், எழுத்து சேர்த்த செய்தியை என்ன செய்தார்கள்? 1973 டிசம்பரில் இருந்து, ஏ.பி.சி.யின் மாலைச் செய்தியைப் பதிவு செய்து, பாஸ்டனில் ஒரு குழு உட்கார்ந்து அவசர அவசரமாக எழுத்து தயாரித்து, பொது ஒளிபரப்பில் இரவு பதினோரு மணிக்குப் போட்டார்கள். ஊரெல்லாம் ஆறரைக்குத் தெரிந்துகொண்டதை இவர்கள் தூக்கத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்து தெரிந்துகொண்டார்கள். ஆறின காபிதான். ஆனால், முதல் காபி.

* * *

வேண்டியவர்களுக்கு மட்டும் தெரிய வேண்டும், மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது. இதற்கு பொறியாளர்கள் கண்டுபிடித்த தந்திரம் ரொம்ப அழகானது.

பழைய பெட்டி டி.வி.யை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு எலெக்ட்ரான் கதிர், கோலம் போடுகிற மாதிரி மேலிருந்து கீழே கோடு கோடாக இழுத்துப் படத்தை வரைகிறது. அமெரிக்க முறையில் ஒரு முழுப் படத்துக்கு 525 கோடுகள். கீழே வந்து முடித்ததும் கதிர் மறுபடி மேலே போக வேண்டும் அல்லவா? அந்த அவகாசத்துக்காக, ஆரம்பத்தில் சில கோடுகளைப் படம் இல்லாமல் காலியாக விட்டிருப்பார்கள். (படம் தாறுமாறாக உருளும்போது நடுவே ஒரு கறுப்புப் பட்டை தெரியுமே, அதுதான்.) அந்தக் காலி இடத்தின் கடைசியில் இருப்பது 21-வது கோடு. அதற்குள் ஒரு தடவைக்கு இரண்டு எழுத்துகள் வீதம் சங்கேதமாக அனுப்பினால், நொடிக்குச் சுமார் அறுபது எழுத்துகள். பேச்சு வேகத்துக்கு தாராளம். சாதாரண டி.வி.க்கு அது வெறும் கறுப்பு. சங்கேதத்தைப் பிரிக்கும் டீகோடர் பெட்டி இருந்தால், கீழே வசனம்.

1976-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், ‘21-வது கோடு இனி இவர்களுக்கு’ என்று ஒதுக்கிக் கொடுத்தது. இத்துனூண்டு இடம். அதுவும் யாருக்கும் பயன்படாமல் கிடந்த இடம். அதைக் கொடுப்பதற்கே அத்தனை வருட மனு, விசாரணை, ஒளிபரப்பாளர்களின் முகச்சுளிப்பு!

1980, மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஏ.பி.சி., என்.பி.சி., பி.பி.எஸ். மூன்றும் எழுத்துகளோடு ஒளிபரப்பைத் தொடங்கின. டிஸ்னியின் ஞாயிறு நிகழ்ச்சியும் அதில் ஒன்று. சியர்ஸ் கடைகளில் டீகோடர் பெட்டி விற்பனைக்கு வந்தது. விலை கிட்டத்தட்ட 250 டாலர். பெரிய எழுத்துகள் மட்டும், வெள்ளையில், கறுப்புப் பட்டையின் மேல். அதுபோதும். கணவன், மனைவி, கேட்கிற குழந்தை என எல்லோரும் யாரையும் தட்டிக் கேட்காமல் ஒரே நேரத்தில் சிரிக்க முடிந்தது, 1927-க்குப் பிறகு.

மூன்று பெரிய தனியார் நிறுவனங்களில் இரண்டுதானே சொன்னேன்? மூன்றாவதான சி.பி.எஸ். வரமாட்டேன் என்றது. அவர்கள் கையில் டெலிடெக்ஸ்ட் என்று வேறொரு தொழில்நுட்பம். ‘அதுதான் எதிர்காலம், அதில் எழுத்து தருகிறோம்’ என்றார்கள். (பிரிட்டனில் பி.பி.சி., 1974-ல் ஆரம்பித்த ‘சீஃபேக்ஸ்’ வழியாக அப்படித்தான் செய்தது. 888-ம் பக்கத்தைத் தட்டினால் எழுத்து வரும்.) ஆனால், கடன் வாங்கி 250 டாலர் கொடுத்துப் பெட்டி வாங்கியவன், இன்னொரு பெட்டிக்கு எங்கே போவான்? சி.பி.எஸ். நிலையங்களின் வாசலில் பதாகைகளோடு காது கேளாதவர்கள் நின்றார்கள். பிடிவாதம் தளர 1984 ஆயிற்று.

இதற்கு நடுவே நேரலைக்கும் வழி கிடைத்தது. கோர்ட்டில் சாட்சி சொல்வதை அப்படியே தட்டுகிற சுருக்கெழுத்து இயந்திரத்தைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். பியானோ மாதிரி ஒரே நேரத்தில் பல கட்டைகளை அழுத்தினால் ஓர் அசையே விழும். 1982 ஆஸ்கர் விழாவில் அரங்கேற்றம். அதே வருடம், ஏ.பி.சி.யின் மாலைச் செய்தி நேரடியாகவே எழுத்தோடு வந்தது. பதினோரு மணிச் செய்திக்கு விடை கொடுத்தார்கள்.

* * *

எல்லாம் வந்தது. விற்பனைதான் வரவில்லை. பெட்டி விலை அதிகம், அதனால் வாங்குகிறவர்கள் கம்மி. வாங்குகிறவர்கள் கம்மி என்பதால், எழுத்து சேர்க்க நிறுவனங்கள் காசு செலவழிக்கவில்லை. எழுத்து கம்மி என்பதால், ‘எதற்கு தண்டமாகப் பெட்டி?’ என்று மக்கள் வாங்கவில்லை. இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. பெட்டி வேண்டியிருந்தவர்களில் பெரும்பாலோர், பிறவியிலேயே காது கேட்காதவர்கள் அல்ல. நம் தாத்தா மாதிரி, வயதாகி மெதுமெதுவாக இழந்தவர்கள். அவர்களைக் கடைக்கு அனுப்புவது யார்? ‘எனக்கென்ன, காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்பதுதானே அவர்கள் நிலைப்பாடு! பெட்டி வாங்கினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே.

முடிச்சை அவிழ்த்தது அரசியல். 1988 மார்ச்சில், 124 வருடமாகக் காது கேட்கும் ஆட்களையே தலைவராக வைத்திருந்த காலடெட் பல்கலைக்கழகத்தில், மறுபடியும் அப்படி ஒருவரை நியமித்தார்கள். மாணவர்கள் வாசலை அடைத்தார்கள். ஒரே வாரம். ஐ. கிங் ஜோர்டன், காலடெட்டின் முதல் காது கேளாத தலைவர் ஆனார். நாடே அதை டி.வி.யில் பார்த்தது. வாஷிங்டனில் செனட்டர்களுக்கும் விஷயம் உறைத்தது. அவர்களில் ஒருவரான டாம் ஹார்கினுக்கு உறைக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் அண்ணனுக்குக் காது கேட்காது.

ஹார்கின் கொண்டுவந்த மசோதா எளிமையானது. தனிப் பெட்டியே வேண்டாம். டி.வி.க்குள்ளேயே ஒரு சில்லு வைத்துவிடுங்கள். ஒரு டி.வி.க்குச் சுமார் ஐந்து டாலர் ஆகும் என்று கணக்குச் சொன்னார்கள். 250 எங்கே, ஐந்து எங்கே! டி.வி. தயாரிப்பாளர்கள் முனகினார்கள். 1990 அக்டோபரில் சட்டமானது. 1993 ஜூலை 1 முதல், 13 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள எந்த டி.வி.யும் அந்தச் சில்லு இல்லாமல் அமெரிக்காவில் விற்பனைக்கு வரக்கூடாது. 2 கோடியே 40 லட்சம் பேருக்குப் பயன்படும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். காதில் ஏதாவது குறை உள்ள முதியவர்கள் 38 சதவிகிதம் என்றும் அதில் இருக்கிறது.

தாத்தா எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. புது டி.வி. வாங்கினால் போதும். பொத்தான் அதிலேயே இருக்கிறது.

அதற்கப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. இரைச்சலான பார்களிலும் விமான நிலையங்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் அந்த எழுத்து ஓட ஆரம்பித்தது. குழந்தை தூங்குகிற வீடுகளில் வால்யூமை அணைத்துவிட்டு எழுத்தைப் போட்டார்கள். பிரிட்டனில் 2006-ல் ஆஃப்காம் அமைப்பு எண்ணிப் பார்த்தபோது, டி.வி. எழுத்துகளைப் பயன்படுத்திய 75 லட்சம் பேரில் 60 லட்சம் பேருக்குக் காதில் எந்தக் குறையும் இல்லை!

கதை முடிந்தது என்று நினைத்தால், இன்டர்நெட் வந்தது. மறுபடி 1927. ‘நாங்கள் டி.வி. இல்லை, எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது’ என்றன புது நிறுவனங்கள். அமெரிக்கக் காது கேளாதோர் தேசியச் சங்கம் நெட்ஃப்ளிக்ஸ் மேல் வழக்குப் போட்டது. இணையதளம் என்பது கடை, தியேட்டர் மாதிரி ஓர் ‘இடம்’ இல்லையே என்று வாதாடிப் பார்த்தது நெட்ஃப்ளிக்ஸ். 2012-ல் மாசசூசெட்ஸ் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த வருடமே சமரசம் ஆனது. 2014-க்குள் எல்லாப் படத்துக்கும் எழுத்து தருவதாக ஒப்புக்கொண்டார்கள். இன்று நம் போனில் அந்த எழுத்து ஓடுகிறது என்றால், அந்த வழக்குக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

நம் நாட்டில்? 1987-ல் தூர்தர்ஷன், ஞாயிற்றுக்கிழமைகளில் காது கேளாதோருக்கான செய்தியை ஆரம்பித்தது. சைகை மொழியில் ஒருவர் செய்தி சொல்வதை நாம் வேடிக்கை பார்த்திருக்கிறோம். வாரம் முழுக்க நடந்ததைச் சேர்த்துவைத்து ஒரே தவணையாகக் கொடுத்தார்கள். பிறகு 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொலைக்காட்சியில் சைகை மொழியும் எழுத்தும் வேண்டும் என்றது. அதையொட்டி 2019 செப்டம்பரில் மத்திய அரசு சானல்களுக்கு விதிமுறை வெளியிட்டது. செய்தி சானல்கள் தினம் ஒரு செய்தியறிக்கையாவது தர வேண்டும். மற்ற சானல்கள், தொடக்கமாக, ஒரு நிகழ்ச்சியாவது.

வாரத்துக்கு ஒன்று. நேரலை, விளையாட்டு இதற்கெல்லாம் விதிவிலக்கு.